பூஜ்யம் என்று நான் எழுதிய டிரம்கள்

தம்பி,

நீ அனுப்பிய ஆய்வேட்டை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் ஓடும். ஆனால் கொசுவின் பெயரும் டிரம்மின் கணக்கும் எந்த மொழியில் இருந்தாலும் எனக்குப் புரிந்துவிடும். முதல் பக்கத்தில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாய், கரண்டியும் பையுமாக ஊர் ஊராகப் போய்ப் புழு தேடிய அம்மாவுக்கு என்று. படித்ததும் பெருமையாகத்தான் இருந்தது. சமையலறைக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்து மறுபடி படித்தேன். நான்காம் அத்தியாயத்துக்கு வந்தபோது அந்தப் பெருமை இருந்த இடம் தெரியவில்லை. பட்டாசு ஆலைகளில் தீயணைக்க வைத்திருக்கும் தண்ணீர் டிரம்களில் கொசுப்புழு கிடையாது, ஆகவே சுகாதாரத் துறை ஆட்கள் வீடுகளை மட்டும் பார்த்தால் போதும் என்று எழுதியிருக்கிறாய். ஆதாரமாக ஓர் அட்டவணை. அதில் வெம்பக்கோட்டை வட்டாரத்துக்கு நேராக இரண்டு வருடத்துக்கும் வரிசையாகப் பூஜ்யம். பழைய பதிவேடுகளிலிருந்து நீ எடுத்த அந்தப் பூஜ்யங்களைப் போட்டவள் நான். அவை பொய், தம்பி.

அடுத்த வாரம் சமர்ப்பிக்கப் போவதாகச் சொன்னாய். சமர்ப்பிக்காதே. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரிம்மா, பாத்துக்கிடலாம்" என்பாய், நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு பாதியில் நிறுத்திவிடுவேன். பதினான்கு வருடமாகப் பாதியில் நிறுத்திக்கொண்டே வந்தவள்தானே நான். எழுத உட்கார்ந்தால் கடைசிவரை போய்த்தான் ஆக வேண்டும். தவிர, இது நீ உன் வழிகாட்டியிடம் காட்ட வேண்டிய காகிதமும்கூட. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் ஓய்வூதியத்துக்கு என்ன ஆகும் என்றெல்லாம் நீ யோசிக்க வேண்டாம். அது என் பாடு.

என் வேலைக்கு அரசாங்கம் வைத்த பெயர் பூச்சி சேகரிப்பாளர். கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் உன் அப்பா "சுகாதாரத்துல இருக்காக" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பூச்சி என்றால் அடுத்து நாலு கேள்வி வரும். ஆனால் எனக்கு அந்த வேலையில் அத்தனை திமிர் இருந்தது. சாத்தூரில் உன் சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போய், வாசலில் கொடுத்த காபியைக்கூட வாங்காமல் நேராகப் பின்கட்டுக்குப் போய் டிரம் மூடியைத் தூக்கினேனே, நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு நம் சொந்தக்காரர்கள் வீட்டில் நாம் தெருமுனையில் தெரிந்தாலே, "மதினி வாராக, தண்ணியைக் கொட்டுங்கடி" என்று கத்துவார்கள். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். உனக்கு இந்தப் படிப்பில் ஆசை வந்தது அங்கேதான் என்று நீ பேட்டி மாதிரி எல்லாரிடமும் சொல்கிறாய். ஊரார் டிரம்மையெல்லாம் திறந்து பார்த்த உன் அம்மா திறக்காமல் வைத்திருந்த ஒன்றைத்தான் இப்போது திறக்கிறேன்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் திரும்பிப் பார்க்காது, அதற்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே, டிரம்மின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அது மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நிரப்பும்போது பொரிக்கும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும். உனக்கு இது முதல் வருடப் பாடம். எனக்கோ மகளிர் குழுக் கூட்டங்களில் ஒப்பித்து ஒப்பித்துத் தொண்டை கட்டிய பாடம். இதை ஏன் உனக்கே சொல்கிறேன் என்றால், அன்றைக்கு அம்மாவுக்கு விவரம் தெரிந்திருக்காது என்று நீ எனக்காகச் சாக்குத் தேடக் கூடாது. தெரிந்துதான் செய்தேன்.

நீ ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம். உன் அப்பா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஆலையில் போர்மேன். தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடந்தது, காலையில் வேனில் போனால் பொழுது சாயத்தான் வருவார். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் காய்ச்சல் தொடங்கியிருந்தது. வீடு வீடாகப் பார்த்தும் புழு அதிகமில்லை. ஆட்கள் பகல் முழுக்க இருக்கிற இடம் ஆலை, இந்தக் கொசு கடிக்கிறதும் பகலில்தான். அந்த யோசனை எனக்குத்தான் முதலில் வந்தது. இன்றைக்கும் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, வெட்கம் கெட்ட பெருமை. சீசன் நேரத்தில் வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள். போர்மேன் பெண்டாட்டி என்பதால் என்னை விட்டார்கள். போனை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், டார்ச்சையும் வாங்கிக்கொண்டார்கள். பொறி வரக்கூடிய எதுவும் உள்ளே போகக் கூடாது. டார்ச் இல்லாமல் டிரம்முக்குள் எப்படிப் பார்ப்பது? பையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருந்தேன். வெளியே நின்று கண்ணாடியில் வெயிலைப் பிடித்து உள்ளே அடித்தால் அடி வரைக்கும் தெரியும். பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும், அந்த ஆலையில் வேலை பார்த்த பேச்சியம்மாள் வந்து பிடித்தாள். நீ அத்தை என்று கூப்பிடுவாயே, அவள்தான்.

வெயில் உள்ளே விழுந்ததும் புழுக்கள் கூட்டமாக அடியை நோக்கி இறங்கின. ஒவ்வொரு ஷெட்டுக்கு வெளியேயும் இரண்டு டிரம், ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் இருந்தது. பேச்சியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தி, இம்புட்டும் எங்களைக் கடிக்கத்தான் வளருதா மதினி?" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் எங்கள் பெரிய அதிகாரி அந்த வட்டாரத்துக்கு வருவதாக இருந்தது. கண்டுபிடித்தேன் என்று மட்டுமல்ல, கண்டுபிடித்த அன்றைக்கே அழித்தேன் என்றும் அறிக்கை கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஓர் அவசரம். புழுக்கொல்லி மருந்து கையிருப்பில் இல்லை. எல்லா டிரம்மையும் உடனே கொட்டச் சொன்னேன்.

உன் அப்பா தயங்கினார். "டேங்கர் நாளைக்குக் காலையிலதான் வரும். அது வாசலுக்கு வந்தப்புறம் ஒவ்வொண்ணாக் கொட்டி ரொப்பிக்கிடுவோமே" என்றார். அதோடு நிற்கவில்லை. "கொட்டணும்னு என்ன? துணியைப் போட்டு இறுக்கி மூடிட்டா கொசு எப்படி உள்ள போகும்?" என்றும் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எட்டாவது தாண்டாத மனிதர் எனக்குக் கொசுப் பாடம் எடுக்கிறாரே என்ற கோபம். பத்துப் பேர் பார்க்க, "உங்களுக்கு வெடியைப் பத்தித் தெரியும், எனக்குப் பூச்சியைப் பத்தித் தெரியும். சொன்னதைச் செய்யுங்க" என்றேன். அவர் ஆட்களிடம் சொல்லப் போய்விட்டார். சொன்னது வேறு அதிகாரியாக இருந்திருந்தால், டேங்கர் வரட்டும் என்று சாதித்திருப்பார். நான் அவர் மனைவி. நாலு பேர் முன்னால் என் சொல் கீழே விழக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அன்று சாயங்காலம் டிரம் எல்லாவற்றையும் சாய்த்தார்கள். தேய்க்க நேரமில்லை, லோடு ஏற்றும் அவசரம். தேய்க்கச் சொல்லி நானும் நிற்கவில்லை. அதாவது முட்டைகள் அப்படியே இருந்தன. கொட்டியதால் உருப்படியாக எதுவும் ஆகியிருக்கப் போவதில்லை.

மறுநாள் காலை டேங்கர் வருவதற்கு முன்னால் ஒரு ஷெட்டில் தீப்பிடித்தது. பெரிய வெடி இல்லை, கொஞ்சம் வெடிமருந்துதான். ஆனால் பேச்சியம்மாள் சேலையில் பிடித்துவிட்டது. ஆட்கள் வாளியோடு வாசல் டிரம்முக்கு ஓடினார்கள், காலி. அடுத்த ஷெட்டுக்கு ஓடினார்கள், அதுவும் காலி. கடைசியில் மணலைப் போட்டும் சாக்கைப் போட்டும் உன் அப்பா கையாலேயே அணைத்தார். பிழைத்துக்கொண்டாள். அவள் கழுத்தையும் இரண்டு கைகளையும் நீ பார்த்திருக்கிறாய். தண்ணீர் இருந்திருந்தால் ஒரு வாளியில் முடிந்திருக்கும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவர் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

விசாரணைக்கு வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி டிரம் ஏன் காலி என்பதுதான். "கழுவுறதுக்காக நான்தான் கொட்டச் சொன்னேன்" என்றார் உன் அப்பா. என்னைப் பற்றி வாயே திறக்கவில்லை. உள்ளே இருந்த ஆட்களிடமும் பேசியிருக்கிறார், ஒருவரும் சொல்லவில்லை. நான் அன்றைய அறிக்கையில் அந்த ஆலைக்குப் போனதையே எழுதவில்லை. நீ பதிவேட்டைப் புரட்டினால் அந்த நாளில் அந்தப் பெயர் இருக்காது. அது என் முதல் பொய். வீட்டுக்கு வந்து அவரிடம் அழுதேன், போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "ரெண்டு பேரும் வேலையை விட்டுட்டு வந்து உக்காந்தா அவன் படிப்பு என்னாகும்? ஒரு ஆளு போதும்" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அவர் வேலை போனது, ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தது எல்லாம். பள்ளிக்கூடத்தில் பையன்கள் உன்னை ஏதோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று, "ஏன்ப்பா கொட்டுனீக?" என்று கேட்டாய். நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் உன்னை நிமிர்ந்து பார்க்காமல், "புத்தி கெட்டுப்போச்சுலே" என்றார். நீ கொஞ்ச நேரம் நின்றாய். நான் பேசுவேன் என்று அவரும் காத்திருந்தாரோ என்னவோ. நான் களைந்த அரிசியையே மறுபடி களைந்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து நீ அவரை அப்பா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பேச்சியம்மாள் பிழைத்தால் மொட்டை போடுவதாக அவர் வேண்டியிருந்தபடி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனோமே, அங்கேயும் நீ அவர் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று கோயிலுக்கு வெளியே வெயிலில் நின்றாய். மொட்டைத் தலையோடு அவர் உன்னைத் தேடிக்கொண்டு வந்தார், செருப்பில்லாமல். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். குற்றம் சொல்லவில்லை. உனக்கு அப்படித் திரும்பக் கற்றுக்கொடுத்தது என் மௌனம்தான்.

இனி பூஜ்யங்களுக்கு வருகிறேன். அடுத்த வருடம், ஆலை டிரம்களையும் மாதம் ஒரு முறை பார்த்து எழுத வேண்டும் என்று ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அந்த வட்டாரம் என் பொறுப்பில் வந்தது. போனேன், பார்த்தேன். கண்ணாடியைப் பிடித்ததும் புழு இறங்கியது, முன்பு பார்த்த மாதிரியே. பேனாவை எடுத்தேன். உண்டு என்று எழுதினால் உத்தரவு வரும், யாரோ ஒருத்தர் கொட்டச் சொல்வார், டேங்கர் அன்றைக்கு வராது. என் கண்ணுக்கு எதிரில் பேச்சியம்மாளின் கை வந்து நின்றது. பூஜ்யம் போட்டேன். அதற்கடுத்த மாதம் எளிதாக வந்தது. சீசன் மாதங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அப்போதும் பூஜ்யம்தான். அதனால் இன்றைக்கு என்னை நிற்க வைத்துக் கேட்டாலும், எது பார்த்து மறைத்த பூஜ்யம், எது பார்க்கவே பார்க்காத பூஜ்யம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. தீக்குப் பயந்துதான் அப்படிச் செய்தேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் உண்டு என்று எழுதியிருந்தால், முதலில் எப்போது பார்த்தாய் என்று யாராவது கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பயந்தேன்.

இரண்டாம் வருடம் மழைக்குப் பிறகு வந்த காய்ச்சலில் அந்தப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண் இறந்துபோனாள். கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள், ஆலைக்கு வேனில் போய் வந்தவள். அவளைக் கடித்த கொசு அந்த டிரம்மில் வளர்ந்ததா, அவள் வீட்டிலா, வேறெங்குமா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. அதை அடைத்தவள் நான். துக்கம் கேட்கப் போன இடத்தில் அவள் அம்மா என்னிடம், "நீங்கதான் மாசாமாசம் வந்து பாக்கீகளே, எங்கன இருந்து வந்துச்சு இது?" என்று கேட்டாள். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்மா" என்றேன். அப்படி ஒரு பதில் சொன்ன வாயோடுதான் நான் சோறு தின்று, வேலைக்குப் போய், உன்னைப் படிக்க வைத்தேன். இப்போது என் பூஜ்யங்களை வைத்து நீ ஆலைகளைப் பார்க்க வேண்டாம் என்று எழுதினால், இனி ஒருத்தரும் அந்த டிரம்களை எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

உன் நான்காம் அத்தியாயத்தைப் படித்த மறுநாள் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். அவளிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன், அன்றைக்குக் கொட்டச் சொன்னது நான்தான் என்று. அவள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நான்தான மதினி கண்ணாடியைப் பிடிச்சேன்? நீங்க சொன்னது என் காதுல விழாமயா போச்சு?" என்றாள். ஏன் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "அண்ணன் சொல்லாதன்னாக. கையெல்லாம் வெந்துபோய்த்தான் அவுகளும் வந்து நின்னாக. எப்படிச் சொல்ல?" என்றாள். பிறகு கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, "உங்க மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. அத விடுங்க, பிள்ளைகிட்டச் சொல்லீட்டீகளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப இங்கன எதுக்கு வந்தீக? மொதல்ல அங்க சொல்லுங்க" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டாய். அம்மா என்ற தகுதியில் இல்லாவிட்டாலும், இதே தொழிலில் தப்புச் செய்தவள் என்ற தகுதியில் ஒன்று சொல்லலாம் அல்லவா? ஓர் இடத்தில் போய், இதைச் செய் என்று யாரிடமாவது சொல்வதற்கு முன்னால், அதைச் செய்தால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று அவர்களிடமே கேள். படித்தவன் என்று நினைத்துக்கொண்டு வாயை முந்தவிடாதே. டிரம்மை மூடலாமே என்று ஒரு மனிதர் அன்றைக்கே கேட்டார். அதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

அந்த மனிதரைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. சமீபம் வரை எனக்கே சரியாகத் தெரியாது. வேலை போன பிறகு அவர் காலண்டர் கம்பெனியில் தாள்களின் மேல்விளிம்புக்குத் தகரம் அடிக்கப் போனார் அல்லவா, அங்கிருந்து கழிவுத் தாள்களைக் கொண்டுவருவார். பின்கட்டில் இரண்டு டிரம் வைத்தார். ஒன்றைத் திறந்து வைத்தார். இன்னொன்றுக்குப் பருத்தித் துணியில் மூடி தைத்தார், விளிம்பில் கயிறு கோத்து, ஒரு கையால் இழுத்தால் கழன்று வாளி உள்ளே போகிற மாதிரி. நைலான் வலை போட்டால் எளிதுதானே என்று நான் கேட்டதற்கு, "அதை வெடிமருந்து இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோக முடியாது, உரசினாப் பொறி வரும்" என்றார். ஏதோ வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற வேலை என்று நான் விட்டுவிட்டேன். வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் வருகிற ஊரில் ஆம்பிளை டிரம் கழுவினால் நமக்கென்ன நஷ்டம் என்று கேலிகூடச் செய்திருக்கிறேன். நேற்றுதான் பரண்மேல் இருந்த கட்டைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளிதோறும் இரண்டு டிரம்மிலும் ஒவ்வொரு சொம்பு மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் புழுவை எண்ணி, மாதக் காலண்டரின் கட்டங்களில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். எண்ணி முடித்ததும் திறந்த டிரம்மைத் தேய்த்துக் கழுவியும் விடுவார். ஆறு வருடத்துத் தாள்கள். திறந்த டிரம்முக்கு எண் இருக்கிறது, மூடிய டிரம்முக்குப் பெரும்பாலும் இல்லை. துணி கிழிந்த ஒரு மாதத்தில் மட்டும் அதிலும் இருக்கிறது, பக்கத்தில் "கிழிசல்" என்று குறிப்பு. இரண்டே டிரம்தான், உன் வழிகாட்டி இதை ஆய்வு என்று ஒத்துக்கொள்ள மாட்டார். நீ ஆலைகளில் செய்து பார்க்க ஒரு தொடக்கமாக இருக்கட்டும் என்றுதான் கட்டி அனுப்புகிறேன்.

கட்டை எடுத்து வைத்ததும் எதற்கு என்று உன் அப்பா கேட்டார். "அவனுக்கு அனுப்ப" என்றேன். இந்தக் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். "இம்புட்டு நாளு கழிச்சு அவன் மனசை எதுக்குக் கலைக்க?" என்றார். சற்று நேரத்தில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, மங்கிப்போன பென்சில் எழுத்தின் மேல் பேனாவால் எழுத ஆரம்பித்தார். வெந்த கை, அவருக்குப் பேனா சரியாகப் பிடிபடாது. விளக்கு வைக்கும் வரை எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தாள்களை அடுக்கிக் கொடுத்தேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன். காய்ச்சலில் படுத்திருந்த வாரங்களில், ஊருக்குப் போன வாரங்களில், அந்தக் கட்டத்தில் அவர் பூஜ்யம் போடவில்லை. "பாக்கல" என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு வேலையில் எத்தனையோ வருடம் இருந்தும் வரவில்லை.

முதல் பக்கத்தில் என் பெயரை அடித்துவிடு. இதைப் படித்து முடித்ததும் போன் செய்வாய் என்று தெரியும். எனக்குச் செய்யாதே, அவருக்குச் செய். அந்த மூடியை எப்படித் தைத்தீர்கள் என்று மட்டும் கேள். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு மணி நேரமாவது ஆகும், நடுவில் வெட்டாமல் கேட்டுக்கொண்டிரு. கூப்பிடும்போது அப்பா என்று கூப்பிடு. என்னோடு பேசுவதா, எப்போது பேசுவது என்பதை நீ மெதுவாக யோசித்துக்கொள்ளலாம். நான் காத்திருக்கிறேன்.

உன் அம்மா